ஆறு புள்ளிகளும் இரண்டு கோப்புகளும்: கேரள எல்லைத் தமிழ்ப் பகுதிகளில் பார்வையற்ற குழந்தையின் தொடக்கக் கல்வி

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், கல்வியியல், தமிழியல் துறை நண்பர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினரின் கல்வி பற்றி எழுதுவோர் மாநிலச் சீரமைப்பு நிகழ்ந்த 1956-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்தியாவில் பார்வையற்றோர் கல்வி பற்றி எழுதுவோர் அமிர்தசரசில் முதற்பள்ளி தோன்றிய 1887-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். இவ்விரு வரலாறுகளும் நூலகத்தில் வெவ்வேறு தட்டுகளில் உள்ளன. அரசு அலுவலகத்தில் வெவ்வேறு கோப்புகளில் உள்ளன. ஆயினும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலோ இடுக்கியின் மறையூரிலோ தமிழ்வழி முதல் வகுப்பில் அமரும் ஒரு பார்வையற்ற குழந்தைக்கு இவை இரண்டும் ஒரே வரலாறு. மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் அக்குழந்தைக்கு ஓர் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளி என்ற முறையில் இன்னோர் உரிமை உண்டு. ஒன்றைக் கவனிப்பவர் மற்றொன்றைக் கவனிக்கும் கடமை உடையவர் அல்லர் என்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் குழந்தை எவர் கண்ணிலும் படாமற் போகக்கூடும். அச்சந்திப்புக்குத் தேவையான எழுத்துமுறை 1951-லேயே உருவாகிவிட்டது என்பதையும், அதை இந்த எல்லைப் பகுதிக்குரிய வாய்ப்பாக நாம் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் நிலப்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம் கேரளத்தோடு இணைந்தது. 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. அதன் கிழக்கு விளிம்பிலுள்ள சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் தமிழ் வீட்டுமொழியாக வழங்குகிறது. தெற்கே, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும், அவை கேரளத்திலேயே நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதிகளாயின. மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகியவற்றின் தேயிலைத் தோட்டங்களிலும் மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய மலையூர்களிலும் தமிழ் தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர்.

இவர்களுடைய பிள்ளைகளுக்கான அரசியலமைப்புக் காப்பு 350-அ பிரிவாகும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. 1956-இல், ஏழாம் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது மறுபுறம் நின்றுவிட்ட குழந்தைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் அவற்றுக்கான மாநிலப் பாடநூல்களும் தொடர்ந்து இருந்துவருவது இந்த அடித்தளத்தில்தான். முதற்கோப்பின் சுருக்கம் இது.

இரண்டாவது கோப்பு இதைவிடப் பழையது. 1785-இல் பாரிசில் வாலந்தேன் ஆயி பார்வையற்றோருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெய்ல், ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை உருவாக்கி 1829-இல் நூலாக வெளியிட்டார். இந்தியாவில் ஆனி ஷார்ப் 1887-இல் அமிர்தசரசில் பள்ளி தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழ் நிலத்தின் முன்னோடி ஆயிற்று. தமிழுக்கென ஒரு பிரெய்ல் வடிவமும் அவர் முயற்சியில் உருப்பெற்றது. சென்னையை அடுத்த பூவிருந்தவல்லி அரசுப் பள்ளி 1931-இல் வந்தது. கேரளத்திலும் திருவனந்தபுரம், குன்னங்குளம், கோட்டயம் மாவட்டத்து ஒளசை முதலிய இடங்களில் அரசுச் சிறப்புப் பள்ளிகள் அமைந்தன. பாலக்காடு மாவட்டத்தில் கோட்டப்புறத்திலுள்ள பள்ளி, 1880-இல் பிறந்த ஹெலன் கெல்லரின் நூற்றாண்டு நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

சிறப்புப் பள்ளிகள் செய்த பணி பெரிது. பிரெய்ல் என்ற ஒன்று இந்நாட்டில் நிலைபெற்றதே அவற்றால்தான். ஆனால் அவை பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள். குழந்தை எழுத்தறிவு பெற வேண்டுமானால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது அவற்றின் அமைப்பிலேயே அடங்கிய நிபந்தனை. தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு இந்நிபந்தனை இரட்டிப்பாகிறது. தமிழில் படிக்க வேண்டுமென்றால் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும். மாநிலத்திற்குள்ளேயே படிக்க வேண்டுமென்றால் மலையாளத்தில் படிக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை வீட்டை இழப்பதா, வீட்டுமொழியை இழப்பதா என்று கேட்கும் ஏற்பாடு அது. மலையாளம் கற்பதில் குறையேதுமில்லை. எல்லையில் வாழ்வோருக்கு அது வேண்டிய மொழியே. முதல் எழுத்தை எம்மொழியில் தொடுவது என்பதுதான் இங்குள்ள வினா.

இனி, எழுத்துமுறையின் வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு பிரெய்லை வகுத்துக்கொண்டது. ஒரு பள்ளியில் கற்றவர் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க இயலாது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பணியாளராக இருந்த ஜே. நோல்ஸ், எல். கார்த்வெயிட் என்பவரோடு சேர்ந்து, கீழை மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 'ஓரியன்டல் பிரெய்ல்' என்ற திட்டத்தை வகுத்தார். பொது எழுத்துமுறை என்னும் எண்ணம் அப்போதே இருந்தது, உடன்பாடுதான் இல்லை. 1940-களிலும் போட்டித் திட்டங்கள் தொடர்ந்தன. 1915-இல் கலிப்போலிப் போரில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி, இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்களுக்காக டேராடூனில் பணியாற்றியவர். 1949-இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டுசென்றபோது அதைக் கையாளும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1950-இல் பாரிசிலும் 1951-இல் பெய்ரூட்டிலும் நடந்த கூட்டங்களுக்குப் பின்னர் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. (பெயரிலுள்ள பாரதி நம் கவிஞர் அல்லர், பாரத நாட்டைக் குறிக்கும் சொல்.) அதே 1951-இல் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் தொடங்கியது.

பாரதி பிரெய்லின் அடிப்படை விதி எளியது: இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு இயன்றவரை ஒரே குறி, அக்குறி இயன்றவரை ரோமன் எழுத்தின் பிரெய்ல் குறியோடும் ஒத்திருக்க வேண்டும். கட்டத்தின் இடப்பத்தியில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பத்தியில் 4, 5, 6. ககரத்திற்கு 1, 3 ஆகிய புள்ளிகள். ஆங்கிலத்தின் 'கே' எழுத்துக்கும் அவையே. மகரத்திற்கு 1, 3, 4. 'எம்' எழுத்துக்கும் அவையே.

இவ்விதி தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே என்ன செய்கிறது என்பதை ஒரு சொல்லால் காட்டலாம். 'வழி' என்ற சொல் இருமொழிக்கும் பொது. அச்சில் அதைத் தமிழில் எழுதினால் மலையாளம் மட்டும் கற்றவரால் படிக்க முடியாது. மலையாளத்தில் எழுதினால் தமிழ் மட்டும் கற்றவரால் முடியாது. பிரெய்லில் வகரம் 1, 2, 3, 6. ழகரம் 1, 2, 3, 5, 6. இகரம் 2, 4. தமிழிலும் மலையாளத்திலும் இந்த மூன்று கட்டங்களே, இதே வரிசையில். தாளில் எழுந்து நிற்கும் அந்தப் புள்ளிகளைத் தொடும் விரலுக்கு அது எந்த மொழியின் சொல் என்று பிரித்தறிய வழியே இல்லை. மாநில எல்லை கண்ணுக்கு இரண்டு எழுத்துகளாகத் தெரிகிறது, விரலுக்குத் தெரிவதில்லை.

தமிழிலக்கணம் படித்தோர் இன்னொன்றையும் கவனிக்கலாம். அச்சில் 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னும் காலின் குறி பின்னுமாக உயிர் மெய்யைச் சூழ்ந்து நிற்கும். பிரெய்லில் முதலில் ககரம், பின்னர் ஒகரம். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியக் கருத்துக்கு அச்செழுத்தைவிடப் பிரெய்ல் நெருக்கமாக உள்ளது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஏட்டில் வேறுபடுத்தத் தொல்காப்பியர் புள்ளியைக் கூறினார். அவ்வழக்கு மங்கிப்போன பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அதனைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. பிரெய்லில் அந்நான்கு உயிர்களுக்கும் நான்கு தனிக்குறிகள்: எ 2, 6, ஏ 1, 5, ஒ 1, 3, 4, 6, ஓ 1, 3, 5. வடமொழிகளுக்கு வேண்டாத குறில்களுக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது. தென்மொழிகளின் ஒலியமைப்பு பெயரளவில் அல்லாமல் உண்மையாகவே கருதப்பட்டதற்கு இது சான்று.

வேறுபாடுகளும் உண்டு. மலையாளத்தின் வல்லொலி, மூச்சொலி வேறுபாடுகளுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. தமிழுக்கு அவை வேண்டியதில்லை. தமிழின் னகரத்திற்கு 5, 6 ஆகிய புள்ளிகள். மலையாளத்தில் அதே புள்ளிகள் சொல்லிறுதியில் 'ம்' என ஒலிக்கும் அனுஸ்வாரத்தைக் குறிக்கும். எனவே மலையாளப் பிரெய்ல் மட்டும் அறிந்தவர் 'அவன்' என்பதை முதல் முறை தொடும்போது தடுமாறுவார். மெய்யெழுத்தின் புள்ளியை 4-ஆம் புள்ளியாக எழுத்துக்கு முன்னரே இடும் வழக்கம் இருமொழிக்கும் பொது. ஆக, மலையாளப் பிரெய்ல் அறிந்த ஓர் ஆசிரியர் தமிழ்ப் பிரெய்லுக்கு வர, ஒரு கைப்பிடியளவு வேறுபாடுகளைக் கற்றால் போதும். தமிழ் அச்செழுத்தையே அறியாத மலையாளி ஆசிரியரும் தமிழ்ப் பிரெய்ல் பக்கத்தை உரக்கப் படித்துக்காட்ட இயலும். 'அகம்' என்பதில் ககரத்தை அவர் சற்று அழுத்திச் சொல்லக்கூடும். மொழியறிந்த குழந்தை அதைத் தானே திருத்திக்கொள்ளும்.

இந்தக் கருவி கையில் இருக்க, கல்விக்கொள்கை எவ்வழி சென்றது? பார்வையற்ற குழந்தையைப் பொதுப்பள்ளியிலேயே படிக்க வைக்கும் முயற்சி 1958-இல் பம்பாயில், ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கத்தின் துணையோடு தொடங்கியது. மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் கல்வி பொதுக்கல்வியின் பிரிக்கவியலாப் பகுதி என்று 1966-இல் கோத்தாரி ஆணைய அறிக்கை கூறியது. 1974-இல் மைய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சமூகநலத் துறையிடம் இருந்த அத்திட்டம் 1982-இல் கல்வித் துறைக்கு வந்தது. இந்தத் துறை மாற்றத்தின் பொருள் பெரிது: இக்குழந்தை நலத்திட்டப் பயனாளி என்ற நிலையிலிருந்து மாணவர் என்ற நிலைக்கு மாறியது அப்போதுதான். வாளையாற்றைக் கடந்தால் எட்டும் தொலைவிலுள்ள கோவை, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் எம்.என்.ஜி. மணி முதலியோர் இத்தகைய பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். தமிழ்ப் பிரெய்லறிந்த பயிற்சியாளர்கள் உருவான இடம் பாலக்காட்டின் வாசலிலேயே இருந்தது. ஆனால் ஆசிரியர் நியமனமும் பாடநூலும் மாநிலப் பொருள்கள். அவை மலையைக் கடப்பதில்லை.

1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கேரளத்தில் அதன் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் பாலக்காடும் இடுக்கியும் இருந்தன. நாம் பேசும் இரு எல்லை மாவட்டங்களும் ஒரே வேளையில் ஒரே கல்விச் சீர்திருத்தத்திற்குள் நுழைந்தன. 1997 முதல் மாற்றுத்திறன் குழந்தைகளின் ஒருங்கிணைப்பும் அத்திட்டத்தின் கூறாயிற்று. குழந்தை தன் ஊர்ப்பள்ளியிலேயே சேர்வதற்கான கதவு பரவலாகத் திறந்தது அக்காலத்தில்தான்.

அதே திட்டம் கொண்டுவந்த புதிய கற்பித்தல் முறையோ பார்வையற்ற குழந்தைக்கு ஒரு புதிய தடையையும் உண்டாக்கியது. எழுத்தை முதலில் கற்பிக்காமல், படம், கதை, சுவரொட்டி, முழுச்சொல் ஆகியவற்றின் வழியே எழுத்துக்கு வருவது அம்முறை. சொல்லைக் கண் ஒரே பார்வையில் முழுதாக வாங்கும். விரல் அவ்வாறு வாங்காது. ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுச் சேர்க்கும். பிரெய்ல் வாசிப்பில் ஒற்றைக் கட்டமே உணர்வின் அலகு என்று நோலனும் கெடெரிசும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் கூறினர். பின்வந்தோர் அதை விவாதித்தாலும், தொடக்கநிலை வாசகருக்கு அது பெரிதும் பொருந்தும். ஆக, வகுப்பு முழுச்சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்கும்போது பிரெய்ல் பயிலும் குழந்தை எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏற வேண்டியுள்ளது. இரண்டும் சந்திக்க, பாடத்திற்கு முன்னரே அன்றைய சொற்களைப் புள்ளிகளில் தந்துவிட வேண்டும். இதற்கு வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் கலந்து திட்டமிடுவது இன்றியமையாதது.

சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆகியவற்றுள் இறுதியானதன் 16-ஆம் பிரிவு நமக்கு முதன்மையானது. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் மிகப் பொருத்தமான மொழிகளிலும் தொடர்புமுறைகளிலும் கல்வி தரப்பட வேண்டும் என்று அது பணிக்கிறது. நடைமுறையில் இவ்வாசகத்தின் 'தொடர்புமுறை' என்ற பாதி பார்வையற்றோருக்கான பிரெய்லாகவும், 'மொழி' என்ற பாதி காதுகேளாதோருக்கான சைகைமொழியாகவும் வாசிக்கப்படுகிறது. பார்வையற்ற குழந்தைக்கும் மொழி உண்டு என்பது இவ்வாசிப்பில் விடுபட்டுப்போகிறது. பாலக்காட்டுக் கிழக்கிலோ மூணாற்றிலோ 'மிகப் பொருத்தமான மொழி' எது என்பதற்கு விடை அரசியலமைப்பின் 350-அ பிரிவிலேயே உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது ஒரே கட்டளை: இக்குழந்தைக்குத் தமிழ்ப் பிரெய்ல்.

கணக்கும் இக்குழந்தைக்கு எதிராகவே நிற்கிறது. சிறப்பாசிரியர் குறித்த ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் கூறியது. நகரப்பள்ளிக்கு இவ்விகிதம் பொருந்தும். மலையில் சிதறிக்கிடக்கும் சிறிய தமிழ்வழிப் பள்ளியில் பார்வையற்ற குழந்தை ஒன்றோ, பல ஆண்டுகளுக்கு ஒன்றோதான் சேரும். அங்கே சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாக வந்துபோகும் ஒருவராகவே இருப்பார். அவர் வராத நாள்களில் வகுப்பாசிரியரே எல்லாம். விகிதம் ஆளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அவர் எம்மொழியில் பிரெய்ல் கற்பிக்க வல்லவர் என்பதைச் சொல்வதில்லை.

இங்கே மாணவ நண்பர்கள் சிலர் எழுப்பும் கேள்வி ஒன்றுக்கு விடையளிக்க வேண்டும். திரைவாசிப்பு மென்பொருள் தமிழையும் மலையாளத்தையும் பேசும் காலத்தில் பிரெய்ல் எதற்கு? கேட்டறிதல் வேறு, எழுத்தறிவு வேறு. 'அரம்', 'அறம்' இரண்டையும் பெரும்பாலான தமிழர் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். நகர னகர வேறுபாடு காதுக்கு எட்டுவதில்லை. காதால் மட்டும் கற்கும் குழந்தைக்கு இவை என்றும் ஒன்றே. பிரெய்லில் ரகரம் 1, 2, 3, 5. றகரம் 1, 2, 4, 5, 6. தொட்டவுடன் வேறுபாடு தெரியும். சொல்லின் எழுத்துருவைத் தொட்டறியாத குழந்தை பாடத்தைக் கேட்டு ஒப்பிக்கலாம். தானாக ஒரு வரி எழுத இயலாது. மென்பொருள் பின்னர் வந்து உதவட்டும். முதல் வகுப்பில் அது பிரெய்லுக்கு மாற்றாகாது.

பார்வை முழுதும் இழக்காத குழந்தைகளையும் மறத்தலாகாது. பார்வைக் குறைபாடுடைய குழந்தைகளுள் கணிசமானோருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். அவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்து, தெளிந்த மை, நல்ல வெளிச்சம், கரும்பலகைக்கு அருகில் ஓர் இடம். தமிழ் அச்சில் அவர்களுக்கு இருக்கும் தனி இடையூறு மெய்ப்புள்ளி. 'பல்', 'பல' இரண்டையும் பிரிப்பது ஒரு புள்ளி மட்டுமே. மங்கிய அச்சில் முதலில் மறைவது அதுதான். எழுத்தைப் பெரிதாக்கினால் போதாது. புள்ளி தெளிவாக நிற்கும் எழுத்துருவைத் தேர்ந்து அச்சிட வேண்டும்.

பாடநூல் பற்றிய சிக்கல் எல்லைக்கே உரியது. தமிழில் பிரெய்ல் நூல் வேண்டுமென்றால் தமிழ்நாட்டிலிருந்து பெறலாமே என்பது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் தமிழ்நாட்டு நூல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற்குரியது. கேரளத் தமிழ்வழி வகுப்பில் பக்கத்திலுள்ள குழந்தை படிப்பது கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ் நூல். கேரளத்தில் அச்சாகும் மலையாளப் பிரெய்ல் நூலோ பாடம் ஒன்றாக இருப்பினும் மொழி வேறு. ஒரே வகுப்பில் ஒரே பக்கத்தைத் தோழர்களோடு புரட்டுவதே உள்ளடக்கிய கல்வியின் உயிர் என்றால், இவ்விரண்டும் அக்குழந்தைக்கு உதவா. 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு 18 வயது வரை நூல்களையும் கருவிகளையும் இலவசமாகத் தரப் பணிக்கிறது. 2012 பதிப்புரிமைத் திருத்தம் இத்தகைய வடிவமாற்றத்திற்கு இருந்த சட்டத்தடையை நீக்கிவிட்டது. தொழில்நுட்பத் தடையும் சிறிதே: நூலின் மூலவுரை ஒருங்குறியில் இருந்தால் தமிழைப் பிரெய்லாக்கும் கட்டற்ற மென்பொருள் உண்டு. பழைய எழுத்துருவிலோ படமாகவோ இருந்தால் மட்டும் யாரேனும் மீண்டும் தட்டச்சிட வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து சில செயல்கள் எழுகின்றன. ஒன்று, கேரளத்தின் தொடக்கநிலைத் தமிழ்வழி நூல்களை ஒருங்குறியில் பெற்றுப் பிரெய்லாக்கிப் பிழைதிருத்துவது. தமிழும் பிரெய்லும் அறிந்தவரே பிழைதிருத்த வேண்டும். மென்பொருள் னகரத்தையும் படவிளக்கத்தையும் காப்பதாக நம்பி விட்டுவிடக்கூடாது. சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற எல்லைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் கோவையிலும் பாலக்காட்டிலும் உள்ள பார்வையற்ற பட்டதாரிகளோடு சேர்ந்து செய்யக்கூடிய பணி இது. இரண்டு, மலையாளப் பிரெய்ல் அறிந்த சிறப்பாசிரியர்களுக்குத் தமிழ் வேறுபாடுகளை மட்டும் கற்பிக்கும் குறும்பயிற்சி ஒன்றை வகுப்பது. சில பக்கக் கையேடு போதும். மொழியியலாளர் எழுத வேண்டிய கையேடு அது. மூன்று, வகுப்பாசிரியருக்கான எளிய நெறிகள்: பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வது, 'இது', 'அது', 'இங்கே' என்று சுட்டாமல் பெயர் சொல்வது, அருகமர்ந்த குழந்தைக்கும் சில பிரெய்ல் எழுத்துகளைக் கற்பிப்பது. நான்கு, கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியை ஓர் அட்டவணை வரிசையிலும் மாற்றுத்திறனை வேறோர் அட்டவணை வரிசையிலும் தருகிறது. பள்ளி அளவிலேனும் இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதும் களஆய்வுகள் நம் துறைகளிலிருந்து வர வேண்டும்.

கேரளத்தில் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை எல்லைத் தமிழர் சிலர் கவலையோடு நோக்கியது நமக்குத் தெரியும். பார்வையுள்ள தமிழ்க்குழந்தைக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளைக் கற்கும் சுமை உண்டு. பார்வையற்ற தோழனுக்கோ தமிழில் கற்ற அதே புள்ளிகள் மலையாளத்திற்கும் பெரும்பாலும் போதும். ஆங்கிலத்திற்கும் பாதிவழி வரை கைகொடுக்கும். தாய்மொழியில் உறுதியாகத் தொடங்கும் குழந்தை மாநில மொழிக்கு எளிதாகச் செல்லும் என்று நாம் கொள்கையளவில் சொல்லிவருவதை, இந்த எழுத்துமுறை செயலளவில் உறுதிசெய்கிறது. தமிழ்ப் பிரெய்ல் கேட்பது மலையாளத்திற்கு எதிரான கோரிக்கை ஆகாது என்பதை இருமொழி அறிஞர்களும் சேர்ந்து சொன்னால், அலுவலகத்தில் அதன் எடை வேறாக இருக்கும்.

கேரளப் பள்ளிகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றன. பிரெய்ல் நூல் ஒன்றை மாற்றி, திருத்தி, அச்சிட்டு, மலையேற்றிச் சேர்க்கச் சில மாதங்கள் ஆகும். பிள்ளைகளுக்கு அச்சுநூல் வந்து சேரும் அதே நாளில் அந்த ஒரு குழந்தைக்கும் நூல் கிடைக்க வேண்டுமெனில், மூலவுரையைக் கேட்கும் கடிதம் முந்தைய ஆண்டின் இறுதிக்குள் போயிருக்க வேண்டும். அக்கடிதத்தில் 350-அ பிரிவையும் 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டு கோப்புகளையும் ஒன்றாகத் திறக்க வைக்கும் வேலையை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். இப்பணியில் சேர விரும்பும் மொழியியல், தமிழ், மலையாளத் துறை நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம். கையேட்டுக்கான எழுத்து அட்டவணையை முதலில் தயாரிப்போம்.